வேலை தெரியும், ஆட்களிடம் பழகத் தெரியவில்லை என்கிறார்கள்: இது கற்றுக்கொள்ளக் கூடியதா?

பின்னலாடைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக மெர்ச்சன்டைசராக, அதாவது ஒரு ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும்வரை கவனிப்பவனாக, இருக்கிறேன். நூல் வாங்குவதிலிருந்து பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்வரை எந்த இடத்தில் எத்தனை நாள் பிடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். துணியைத் தொட்டுப் பார்த்தே அது எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். இருந்தும் சீனியர் பொறுப்பு, எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போய்விட்டது. காரணம் கேட்டபோது, "உங்களுக்கு வேலை தெரியும், ஆட்களிடம் பழகத் தெரியவில்லை" என்று மேலாளர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

நான் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை. தவறைத் தவறு என்பேன், அப்போது குரல் சற்று உயரும், அவ்வளவுதான். பழகத் தெரிவது என்பது மேலே இருப்பவர்களுக்குச் சலாம் போடுவதா, அல்லது உண்மையிலேயே கற்றுக்கொள்ள அதில் ஏதாவது இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மேனேஜர்:

தம்பி, உற்பத்திப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிவுரை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் ஆர்டரில் கடைசியாகப் பெரிய சிக்கல் வந்தபோது, அது உங்கள் காதுக்கு எப்போது வந்தது, உங்களுக்கு முன்பே யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது?

பின்னலாடைக்காரன்:

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கருநீல டி-ஷர்ட், 6,000 பீஸ். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 கணக்குப்படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள், பெரிய குறைகள் பத்து வரை தாங்கும், பதினொன்று என்றால் ஃபெயில். எங்களுக்கு இருபத்து மூன்று வந்தது, பெரும்பாலும் சட்டையின் உடல் பகுதிக்கும் கைக்கும் இடையே ஷேடு (நிற அளவு) வேறுபாடு. கப்பலைத் தவறவிட்டு, ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பினோம். இரண்டாவது லாட் (ஒரு தடவையில் சாயமேற்றிய துணி) ஷேடு சற்று விலகியிருப்பது டையிங் (சாயமேற்றும்) பிரிவு ஃபோர்மேனுக்கு அன்றைக்கே தெரியும் என்றும், கட்டிங் மாஸ்டரிடம் அவர் சொல்லியிருந்தார் என்றும் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு இருவரும் பேசாமல் நின்றார்கள். அதற்கு முந்தைய மாதம், துணி ஒரு நாள் தாமதமானதற்காக அதே ஃபோர்மேனைப் பதினைந்து பேர் முன்னிலையில் நான் சத்தம் போட்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற மேனேஜர்:

நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். லாட் இரண்டையும் பிரித்து வெட்டியிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும் வேலை, ஒரு மனிதர் வாயைத் திறக்காததால் விமானக் கட்டணமாக வளர்ந்தது. கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு முதல் இரண்டு நிமிடம் உங்களிடம் என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான், அடுத்த செய்தி உங்களிடம் வருவதும் வராததும். நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன்: யார் எந்தப் பழுதோடு வந்தாலும் "எப்போது பார்த்தீர்கள், எத்தனை கிலோ" என்ற இரண்டை மட்டும்தான் முதலில் கேட்பேன், "யார் செய்தது" என்பதை மறுநாளைக்குத் தள்ளிவிடுவேன். மறுநாள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே தேவை இருக்காது.

செக்கிங் மேஜை:

நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் இனிமையாகப் பேசுவதுதான் எல்லாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சூப்பர்வைசர் எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கைமடிக்கும் பெண்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்த கணக்கை ஏற்ற மறந்துவிடுவார், சனிக்கிழமை சம்பளக் கவர் குறைந்திருக்கும். அதே தளத்தில் சிரிக்கவே தெரியாத லைன் இன்சார்ஜ் ஒருவரும் இருந்தார். சொன்னதைச் செய்வார், திட்ட வேண்டியிருந்தால் மெஷினை நிறுத்தித் தனியாக அழைத்துப் பேசுவார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களிடம் அரைகுறை இந்தியிலாவது தானே விளக்குவார். வேலை நெருக்கடியில் யாருக்காக ஆட்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. உங்கள் குரல் உயர்ந்தால் "கண்டிப்பானவர்" என்பார்கள், என் குரல் உயர்ந்தால் "வாயாடி" என்பார்கள். பழகத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை.

விமானப் பராமரிப்பு:

துறை வேறு என்றாலும் விஷயம் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே, யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். தரையிறங்கும் சக்கரத்தில் எழுந்த ஒரு சந்தேகத்தில் கேப்டன் மூழ்கி, சுமார் ஒரு மணி நேரம் வானில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைவதைப் பற்றி உடனிருந்தவர்கள் பேசாமல் இல்லை, ஆனால் அதன் அவசரம் அவருக்கு உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்த கேப்டனும், தயங்காமல் சொல்லத் தெரிந்த உதவியாளரும் இருவருமே வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் அந்நிறுவனம் 1981இல் பயிற்சியே தொடங்கியது. இன்று எங்கள் துறையில் அது கட்டாயப் பாடம். எனவே கற்றுக்கொள்ள முடியுமா என்ற உங்கள் ஐயத்துக்கு, பிறவிக் குணம் என்று விட்டுவிடாமல் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதே என் பதில்.

பின்னலாடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று டையிங் யூனிட்டுக்குப் போய், அன்று எல்லோர் முன்னிலையிலும் கத்தியது என் தவறு என்று ஃபோர்மேனிடம் சொன்னேன். "பரவாயில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஓய்வுபெற்ற மேனேஜர்:

இன்னும் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. அன்று கத்தியது பதினைந்து பேர் முன்னிலையில், இன்று வருத்தம் சொன்னது தனியாக. அவர் அதைக் கணக்குப் பார்க்காமல் இருக்க மாட்டார். அடுத்த லாட் இறங்கும்போது நீங்களே நேரில் போய், ஆட்கள் இருக்கும்போதே ஷேடு எப்படி வந்திருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். அவர் குறை ஏதாவது சொன்னால், அங்கேயே நின்று கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டு, ஃபோர்மேன் சொன்னார் என்று அவர் பெயரோடு சொல்லுங்கள்.