புதுப்பிப்பு: ஸ்கெட்ச்அப்பில் ஜன்னல் வெளிப்பக்கம் மட்டும் துளைத்த சிக்கல் தீர்ந்தது

ஸ்கெட்ச்அப் (கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) பற்றி இங்கே நான் கேட்ட கேள்விக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி. கும்பகோணத்துத் திண்ணை வீட்டு மாடலில் ஜன்னல் காம்போனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆயத்த உருப்படி) வைத்தால் 9 அங்குலச் சுவரின் உள்பக்கம் மூடியே இருந்தது. காம்போனென்ட் ஒரு முகத்தைத்தான் (தட்டைப் பரப்பைத்தான்) வெட்டும். சுவருக்கு இரண்டு முகம்.

நீங்கள் சொன்னவற்றில் பலித்தது இரண்டாவது யோசனை: சுவர் குரூப்பை (ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய கோடுகளும் முகங்களும்) டபுள் கிளிக் செய்து உள்ளே போய், முகத்தில் செவ்வகம் வரைந்து, புஷ்/புல் கருவியால் (முகத்தைத் தள்ளவோ இழுக்கவோ உதவுவது) உள்நோக்கித் தள்ளி, சுவரின் முழுத் தடிமனான 230 மிமீ (சுமார் 9 அங்குலம்) கொடுக்க வேண்டும். குரூப்புக்கு வெளியே வரைந்தால் சுவர் வெட்டுப்படாது.

எதிர்பாராதது: முற்றத்தை ஒட்டிய இரண்டு சுவர்களில் துளைக்குப் பதில் குழிதான் விழுந்தது. ஸ்கேன் செய்த பிளானின் மேல் வரைந்ததால் சுவரின் உள்பக்கக் கோடு லேசாகச் சாய்ந்திருந்தது. முகங்கள் இணையாக இல்லாவிட்டால் புஷ்/புல் துளைக்காது. வலது அம்புக்குறி விசையால் சிவப்பு அச்சில் பூட்டி அந்தக் கோடுகளை மறுபடி வரைந்ததும் சரியானது. பிளானை வெறுமனே டிரேஸ் செய்யாதீர்கள், அளவை டைப் செய்யுங்கள்.