மறு: சொல் தேவை – மண்ணை அமிலமாக்குவதற்கு

அன்புள்ள குழுவினருக்கு,

> 'மண் அமிலமயமாக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாமே.

வேண்டாம் ஐயா. சொல்லின் நீளம் கூடப் பரவாயில்லை. 'ஆக்கல்' என்றால் ஒருமுறை ஆக்கியது அப்படியே நிற்கும் என்று தொனிக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில், எங்கள் மண்டபம் கடற்கரையில் அது நிற்பதில்லை.

என் தங்கை மகள் தொட்டியில் புளூபெர்ரி வைத்தாள். அதற்கு மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். எங்கள் மணலோ சிப்பியும் பவளமும் பொடிந்து கலந்தது, வினிகரை ஊற்றினால் நுரைக்கும். கந்தகத் தூளைக் கலந்தாள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அப்படி உண்டான அமிலத்தையும் சிப்பிச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. போதாக்குறைக்குக் கிணற்றுத் தண்ணீரும் கடினநீர். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. கடைசியில் மணலைக் கொட்டிவிட்டு, தென்னைநார்க் கழிவை உப்புப் போக அலசி நிரப்பி, கொஞ்சம் கந்தகமும் சேர்த்து, மழைநீரைப் பிடித்து ஊற்றுகிறாள். (காய்க்க நல்ல குளிரும் வேண்டும். மார்கழியிலும் விசிறி சுழலும் வீடு எங்களுடையது. அதை அவளிடம் யார் சொல்வது?)

அதனால் என் பரிந்துரை: புளிப்பேற்றல். சாயமேற்றல் போல. ஏற்றியது வெளுக்கும், மறுபடி ஏற்ற வேண்டும். கந்தகம், அன்னபேதி (இரும்பு சல்பேட்) போன்றவற்றைப் 'புளிப்பேற்றி' என்று சொல்லிக்கொள்ளலாம்.

> எதிர்ச்சொல்லாகக் 'கார மண்' இருக்கிறதே?

பாடநூலுக்குச் சரி, அங்கே காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது. முண்டு மிளகாய் விளையும் மாவட்டத்தில் போய்க் கார மண் என்றால், "அப்ப காய் நல்லா உறைக்குமா?" என்று கேட்பார்கள். களர் என்றும் சொல்லிவிட முடியாது. களர் சோடியத்தால் வருவது, ஜிப்சம் இட்டுத் திருத்தலாம். இது சுண்ணாம்பு, ஜிப்சத்துக்கு அசையாது. 'சுண்ணாம்பு மண்' போதும்.

புளிப்பேற்றலில் ஒரு சிக்கல் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். புளிப்பு ஏற ஏறப் பிஎச் எண் இறங்கும். 'ஏற்றல்' என்று படித்துவிட்டு யாராவது எண்ணை ஏற்றப் பார்த்தால் செடி போய்விடும். இணைய அகராதியான விக்சனரியில் சேர்ப்பவர் பொருள் விளக்கத்திலேயே இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.