வெப்பமண்டலத்தில் உள்ள உதகையில் உறைபனி விழுவது ஏன்?

கேள்வி: சனவரி இரவில் மேட்டுப்பாளையத்தில் போர்வை தேவைப்படாதபோது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உதகையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது. இதற்கு உயரம் மட்டுமே காரணமா?

மறுமொழி 1: பெரும்பங்கு உயரத்துக்கே உரியது. மேலெழும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு வெப்பநிலை 6.5 பாகை செல்சியசு குறையும். உதகையோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனால் உறைபனிக்கு அது மட்டும் போதாது. மேகமும் காற்றும் இல்லாத வறண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்க, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவேதான் உதகையை அடுத்துள்ள தலைக்குந்தாவின் தாழ்ந்த புல்வெளி வெளுத்திருக்கும் காலையில், அதற்குச் சற்று மேலேயுள்ள சரிவில் வெறும் பனித்துளி மட்டுமே இருக்கக்கூடும். பள்ளத்துத் தேயிலைக் கொழுந்து முதலில் கருகுவதும் இதனாலேயே.

கேள்வி கேட்டவர்: அப்படியெனில், மேலே போகப்போகக் குளிரும் என்ற விதி அந்த இரவில் தலைகீழாகிறது அல்லவா?

மறுமொழி 2: ஆம், சூரியன் ஏறும்வரை. மழையிலும் மலை இவ்வாறே பாகுபாடு காட்டும்: தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் மேற்கு நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது, கிழக்குச் சரிவிலுள்ள குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழைக்கே காத்திருக்கின்றன.