குளக்கரை நடைபாதை போதுமா, மறுகால் வழியும் வேண்டுமா?

பாளையங்கால் கரைவாசி:
திருநெல்வேலி மேலப்பாளையத்தில், பாளையங்கால் என்னும் பாசனக் கால்வாய்க்கு அருகே குடியிருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி வெள்ளம் சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் புகுந்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் எங்கள் தெருவில் முழங்காலளவு நின்றது ஆற்று நீர் அல்ல. மேலேயுள்ள குளம் நிறைந்து, மிகுநீர் வெளியேறும் மறுகால் வழியே பாய்ந்து, போக வழியின்றித் தேங்கிய நீர். இப்போது அந்தக் குளத்துக்குக் கல் பதித்த கரையும் நடைபாதையும் அமைப்பது பற்றிப் பேசுகிறார்கள். நகரின் முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) யோசனை எழுதி அனுப்ப விரும்புகிறோம். வெள்ளம், பறவைகள் இரண்டையும் கருதி எதைக் கேட்பது?

ஓய்வுபெற்ற பாசனப் பணியாளர்:
குளத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரத்தில் பிரியும் கோடகன்கால் ஆகியவற்றின் கீழுள்ள குளங்கள் ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு மறுகால் பாயும்படி தொடராக அமைந்தவை. 2007ஆம் ஆண்டுக் குளங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குளத்தின் எல்லையை அளந்து கல் நடலாம். ஆனால் இரண்டு குளங்களுக்கு இடைப்பட்ட ஓடை முதலில் வண்டிப்பாதையாகி, பிறகு தெருவாகி, கடைசியில் ஒரு சாக்கடையளவுக்குச் சுருங்கிவிடுவதை என் பணிக்காலம் முழுவதும் கண்டு வருந்தியிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு மறுகால் ஓடையும் அதன் பழைய அகலத்தோடு திட்ட வரைபடத்தில் கட்டடம் கூடாத நிலமாகக் குறிக்கப்பட வேண்டும் என்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். அந்த 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதை மறந்து, பழைய மழைக்கணக்கை வைத்துப் பாலங்களில் நீர் போகும் கண்களை அமைப்பதும் இனி ஆகாது.

நயினார்குளத்துப் பறவை நோக்கர்:
அண்ணாச்சி சொன்னதோடு, கரையைச் செங்குத்தாகக் கல் வைத்துக் கட்டக்கூடாது என்றும் எழுதுங்கள். கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழமான நீர்ப்பகுதியில் மீன் பிடிக்கும். அரிவாள் மூக்கனுக்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் கணுக்காலளவு நீரும் சேறும் வேண்டும். சரிவான ஓரம் போய்விட்டால் அவற்றுக்கு இரை தேட இடமிராது. குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன என்பதால் அம்மரங்களையும் சீமைக்கருவேலத்தோடு சேர்த்து வெட்டிவிடக் கூடாது. கூந்தன்குளத்தில் ஊருக்குள் நிற்கும் மரங்களில் நாரைகள் கூடு கட்டுவதும், ஊரார் அவற்றைக் காத்து வருவதும் நம் மாவட்டத்திலேயே நடப்பவை. கரையில் விளக்கு அவசியமானால் ஒளி நீர்ப்பரப்பில் விழாதபடி தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள்.

கடைமடை விவசாயி:
எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஓரமெல்லாம் சேறாகவே கிடந்தால் குளம் எப்படி நீரைத் தாங்கும்? தூர் வாராததால்தான் எங்கள் பிசானப் பருவ நெல் கடைசித் தண்ணீருக்குத் தவிக்கிறது. கழிவுநீர் கலப்பதைத் தடுக்காமல் கரையை மட்டும் அழகாக்குவதால் ஆகாயத்தாமரைதான் செழிக்கும்.

ஓய்வுபெற்ற பாசனப் பணியாளர்:
இரண்டுக்கும் இடம் உண்டு. மடையை ஒட்டிய ஆழப்பகுதியில் கரம்பை வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோகலாம். நீர் வந்து சேரும் மேல்பகுதியைச் சரிவாகவே விட்டுவிட்டால் பறவைகளுக்கு அது போதும்.

பாளையங்கால் கரைவாசி:
மிக்க நன்றி. வரும் ஞாயிறு நில அளவைப் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம்வரை நடந்து, ஓடையின் அகலத்தை இடத்துக்கிடம் அளந்து குறிக்கப் போகிறோம்.