என்னருகில் யாரையும் விடாத குதிரை: பழக்கி மாற்றலாமா, விற்றுவிடுவதா?

கேள்வி – கொழிஞ்சாம்பாறை செவலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையே எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே ஒரு செவலைப் பெண்குதிரை வைத்திருக்கிறேன். கத்தியவார் இனம், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. விற்றவரே, "இது எல்லோருக்கும் அடங்காது" என்று சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

சேணம் பூட்டும்போது என் தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கடிவாளத்தை இழுக்க வேண்டியதில்லை. மேலே உட்கார்ந்தபடி நான் இடுப்பைச் சற்றுத் திருப்பினாலே அந்தப் பக்கம் திரும்பும். ஆனால் வேறு யாராவது என்னோடு பேச நெருங்கினால், நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருக்கும் அந்த அழகான காதுகள் இரண்டும் பின்னுக்குப் படியும், மூக்கின் மேல்தோல் சுருங்கும், அடுத்த நொடியில் உடம்பைக் குறுக்கே திருப்பி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிடும். அதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தால் கடிக்கப் பாயும்.

சென்ற மாதம் வாய்க்கால் கரையில் சவாரி போனபோது, கால் வைக்கும் வளையமான அங்கவடியின் வார் அறுந்து நான் கீழே விழுந்துவிட்டேன். குதிரை ஓடிப்போகவில்லை, என் தலைமாட்டிலேயே நின்றது. ஆனால் பக்கத்துத் தோப்பில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் உதவிக்கு ஓடி வந்தபோது ஒருவரையும் அண்டவிடவில்லை. நானே எழுந்து உட்கார்ந்து கயிற்றைப் பிடித்த பிறகுதான் அவர்களால் கிட்டே வர முடிந்தது. எழ முடியாதபடி அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். வருகிற ஆடியில் அந்தியூருக்கே கொண்டுபோய் விற்றுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இந்தக் குணத்தை மாற்ற முடியுமா? மாற்றினால், என்மேல் அதற்கு இருக்கும் பிடிப்பும் சேர்ந்து போய்விடுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – தத்தமங்கலம் பெரியவர்

தம்பி, விற்காதீர்கள். பழக்கினால் மாறக்கூடிய குணம்தான் இது. எங்கள் ஊர் ‘அங்காடி வேலை’ திருவிழாவில் குதிரையோட்டம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேளச் சத்தமும் ஆட்கூட்டமுமாக இருக்கிற இடத்தில் ஓட வேண்டிய குதிரைகளோடு சிறு வயதிலிருந்தே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரையும் சேர்க்காத குதிரை என்றால் நம் பக்கத்தில் அதைப் பெருமையாகப் பேசுவார்கள். உடனே தேசிங்கு ராஜனையும் அவன் குதிரை பாராசாரியையும் இழுப்பார்கள். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துச் செஞ்சியில் மடிந்த அந்த இளைஞனைப் பற்றிய கதையில், எவருக்கும் அடங்காத குதிரை அவனுக்கு மட்டும் அடங்கியது என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் போர்க்குதிரை என்றால் சொந்தப் படையின் குதிரைகளுக்கும் ஈட்டிக்காரர்களுக்கும் நடுவில் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். பக்கத்தில் வந்தவனையெல்லாம் கடிக்கிற குதிரையை எந்தப் படையில் வைத்திருக்க முடியும்? எதிரே வருகிறவன் வேண்டியவனா, வேண்டாதவனா என்பதை மேலே இருப்பவன் தீர்மானித்தான். உங்கள் செவலை அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடிக்க வேண்டாம். குறுக்கே வரத் தொடங்கும்போதே மார்பில் கை வைத்து இரண்டடி பின்னால் போகச் சொல்லுங்கள். போனதும், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல்களால் அழுத்திச் சொறிந்து கொடுங்கள். காது திரும்பத் தொடங்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்; காது முழுதாகப் படிந்த பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அதற்கு ஏறாது. இன்னொன்று: உடம்பில் மயிர்ச்சுழி சரியில்லை என்று யாராவது வந்து சொன்னால் அதற்குக் காது கொடுக்காதீர்கள்.

பதில் – மீனாட்சிபுரம் சவாரி

பெரியவர்மேல் மதிப்பு வைத்தே சொல்கிறேன், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நான் தனியாகச் சவாரி போகும் பெண். ஒருமுறை தோட்டத்து நாய்கள் கூட்டமாகப் பாய்ந்து வந்தபோது என் குதிரை திரும்பி ஓடாமல் எதிர்த்து நின்றது. எல்லாவற்றுக்கும் பின்வாங்கப் பழக்கினால் அந்தத் துணிச்சலும் மழுங்கிவிடும் என்று அஞ்சுகிறேன். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் மட்டும் என் கருத்தை ஒதுக்கிவிட்டுப் பெரியவர் சொன்னபடி செய்யுங்கள்.

பதில் – எல்லைப்புறக் கால்நடை மருத்துவர்

பழக்கத் தொடங்கும் முன் உடம்பில் வலி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குதிரையின் பற்கள் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருக்கும்; மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால் கடைவாய்ப் பற்களின் ஓரங்கள் சரியாகத் தேயாமல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் புண்ணாக்கும். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது அராவிச் சமப்படுத்த வேண்டும். சேணம் அழுத்தும் இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள்; முதுகை நெளித்தால் அங்கே வலி இருக்கலாம். பெண்குதிரை என்பதால், பருவக் காலத்தில் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும். அந்த 5 முதல் 7 நாட்களில் சில குதிரைகள் தொட்டதற்கெல்லாம் சீறும். கடிக்கப் பாய்ந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வந்தால் இது தெரிந்துவிடும்.

இனி நீங்கள் விழுந்த அன்று நடந்ததற்கு வருகிறேன். குதிரை, பிற விலங்குகளுக்கு இரையாகும் விலங்கு. தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னே சிறிது தூரமும் வாலுக்கு நேர் பின்னேயும்தான் தெரியாது. எப்போதும் நின்றுகொண்டிருப்பவர் தரையில் கிடக்கிறார், நாலா பக்கமிருந்தும் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் ஓடிப்போவதுதான் குதிரைக்கு இயல்பு. அது ஓடாமல் உங்களிடம் நின்றது பாசம். வந்தவர்களைக் கடிக்கப் போனது பயம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன. பயத்தைக் குறைத்தால் பாசம் குறையாது என்பதே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில். மீனாட்சிபுரம் சகோதரியின் குதிரை நாய்களை எதிர்த்து நின்றதும், ஒரு குதிரை மனிதர்களை நெருங்கவிடாமல் இருப்பதும் வேறு வேறு என்றே நினைக்கிறேன்.

உங்கள் பங்கையும் கவனியுங்கள். சுவீடனில் நடத்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் அதன்மேல் அமர்ந்து செல்பவர்களிடமும், இந்த முறை கடந்து போகும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று சொல்லிவிட்டு, விரிக்காமலே விட்டார்கள். எதிர்பார்ப்பிலேயே மனிதர்களின் இதயத் துடிப்பு கூடியது. குடையைப் பற்றி ஒன்றும் அறியாத குதிரைகளின் துடிப்பும் கூடவே கூடியது. ஆள் வருவதைக் கண்டதும் நீங்கள் கயிற்றை இறுக்கினால், அந்த ஆளிடம் ஆபத்து இருப்பதாக நீங்களே அதற்குத் தெரிவித்துவிடுகிறீர்கள். அமைதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இருக்கும். தாடை எலும்பின் உட்புறம் ஓடும் நாடியில் விரல் வைத்து எண்ணிப் பழகிக்கொண்டால் அதன் மனநிலை உங்களுக்குப் பிடிபடும். பெரியவர் சொன்ன அந்த முதுகு மேட்டில் சொறிந்து கொடுத்தால் துடிப்பு தணிகிறது என்பதை 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது.

கேட்டவர் – கொழிஞ்சாம்பாறை செவலைக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. டாக்டர் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தால், ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசி மட்டைகள் விழும் மாதங்களில்தான் இதன் சீற்றம் மிக அதிகமாக இருக்கிறது. அன்று ஓடி வந்த கள் இறக்குபவர்களில் ஒருவர், பழக்குவதற்குத் தானே துணைக்கு வருவதாகச் சொல்கிறார். அவரை வைத்து எப்படித் தொடங்குவது, ஐயா?

பதில் – தத்தமங்கலம் பெரியவர்

காற்று தொடங்கும் முன் இப்போதே தொடங்குங்கள், தம்பி. பல்லையும் முதுகையும் முதலில் பார்த்துவிடுங்கள். கிட்டே விடாவிட்டால் மயக்க ஊசி போட்டுப் பார்க்க மருத்துவருக்குத் தெரியும். பிறகு அந்த ஆள் தினமும் ஒரே நேரத்தில் வரட்டும். முகத்துக்கு நேராகவோ பின்னாலிருந்தோ வரக் கூடாது. தோளைப் பார்த்தபடி பக்கவாட்டில், மெதுவாகப் பேசிக்கொண்டே வர வேண்டும். காது திரும்பும் தூரத்துக்கு ஓரடி முன்பே நின்று, ஊறவைத்த கொள்ளை வாளியில் வைத்துவிட்டு, கண்ணை உற்றுப் பார்க்காமல் திரும்பிப் போய்விடட்டும். நீங்கள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். தூரம் குறையக் குறைய அவரே வாளியைக் கையில் பிடிக்கலாம், அதன் பிறகு கயிற்றை வாங்கலாம். நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வந்து கயிற்றை வாங்கவும் குதிரை விட வேண்டும். அதைப் பழக்கி முடிக்கும் வரை தனியாகச் சவாரி போக வேண்டாம். அங்கவடி வார் இரண்டையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஒன்று அறுந்திருக்கிறது என்றால் மற்றதும் இற்றுப்போயிருக்கும்.