ரெகுலேட்டர் கிரீப்: லேத்தில் சீட்டை மாற்றிய அனுபவம்

10 மீட்டர் ஏர் ரைபிளில் காலையில் போடும் முதல் குண்டு மட்டும் மேலே ஏறுகிறது, அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக விழுகிறது என்றால் அவசரப்பட்டு சைட்டைத் திருகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பழைய மேட்ச் ரைபிளில் இதே தொல்லைதான். வைத்திருந்த பையன் தன் மூச்சுப் பயிற்சியில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தான். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் போட்டுப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு விநாடிக்கு 181 மீட்டர், அடுத்தவை எல்லாம் 171-ஐ ஒட்டி.

விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் குண்டு ஏறத்தாழ 1.8 மி.மீ. மேலே போகிறது. தசமக் கணக்கில் 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. நட்டநடுவில் பட்டு 10.9 விழ வேண்டிய குண்டு 10.2 ஆகிவிடும். போட்டியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 200 பார்; வால்வுக்குப் போக வேண்டியது இந்த ரைபிளில் 70 பார். நடுவில் இருக்கும் ரெகுலேட்டரில் ஒரு பிஸ்டன். ஒரு முனை அகலம், மறுமுனை ஒல்லி, நடுவே துளை. டிஸ்க் ஸ்பிரிங் (கிண்ணம் போலக் குழிந்த வட்டத் தகடுகள்) அடுக்கு அந்த ஒல்லி முனையை, அது அடைய வேண்டிய பிளாஸ்டிக் சீட்டில் படாமல் தூக்கிப் பிடித்திருக்கும். காற்று துளை வழியாக வால்வுப் பக்கம் சேரச் சேர, அகல முகத்தைத் தள்ளி, ஸ்பிரிங்கை அமுக்கி, ஒல்லி முனையைச் சீட்டில் உட்கார வைக்கும். வழி தானாக அடைபடும். 12 மி.மீ. முகத்தில் 70 பார் என்றால் ஏறத்தாழ 80 கிலோ சுமை. சுருள் ஸ்பிரிங் வைக்காமல் டிஸ்க் ஸ்பிரிங் அடுக்குவது இதனால்தான்.

அடைபட்ட பிறகும் மயிரிழை அளவு கசிந்தால் 70 பார் மெல்ல மெல்ல ஏறும். அதுதான் கிரீப். இதற்குப் பலரும் செய்வது, அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைத் திருகிப் பிரஷரைக் குறைப்பது. குறைத்தாலும் கசிவு கசிவுதான். வேறொரு எண்ணிலிருந்து ஏறத் தொடங்கும், அவ்வளவே. என் அனுபவத்தில் கிரீப்புக்குக் காரணம் பெரும்பாலும் சீட்டும் அதில் உட்காரும் விளிம்பும்தான்.

முதலில் ஒரு டெஸ்ட் பிளாக் கடைந்துகொண்டேன். ஒரு பக்கம் காற்று நுழையும், நடுவில் ரெகுலேட்டர், மறுபக்கம் கேஜ், பக்கத்தில் காற்றை வெளியேற்ற ஒரு திருகு. ரைபிளில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்காமல் மேசையிலேயே ஏற்றத்தைப் பார்த்துவிடலாம். கேஜ் 250 பார் வரை காட்டுவதாக இருக்கட்டும். 70 பார்தானே என்று சின்னதாக வாங்கினால், ரெகுலேட்டர் அடைக்காத அன்று 200 பாரும் நேரே கேஜுக்கு வந்து நிற்கும்.

சீட்டைக் கழற்றி லூப் என்ற பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது; அந்தப் பள்ளத்தில் ஒரு பித்தளைப் பிசிறு, உப்புக்கல் உடைந்த துகள் அளவுகூட இல்லை, அழுத்தத்தில் உள்ளே புதைந்து பளபளத்தது. பாவம் பையன், இதற்காக மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறான்.

பழைய சீட் அந்த அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவுக்குள் இறுக்கி அடிக்கப்பட்டிருந்தது. சீட் தேய்ந்தால் ஸ்க்ரூவையே மாற்ற வேண்டும். நான் செய்த மாற்றம் இங்கேதான். ஸ்க்ரூவின் தலையில் தட்டையான அடியுடன் ஒரு குழி கடைந்து, டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பியிலிருந்து ஒரு வில்லை எடுத்து அதில் தனியாக உட்கார வைத்தேன். இரண்டு முகமும் ஒரே மாதிரி. ஒன்று தேய்ந்தால் திருப்பிப் போடலாம். டூல் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். முகத்தைக் கடைசியாக ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுங்கள், நடுவில் முளை நிற்கக் கூடாது.

பிஸ்டனின் ஒல்லி முனையைக் லேத்தின் கோலெட் பிடிப்பானில் பிடித்து மெதுவாகச் சுழல விட்டு, கண்ணாடித் துண்டில் ஒட்டிய 2000 நம்பர் எமரித் தாளால் விளிம்பைத் தடவினேன். கத்திமுனை போல விட்டால் சீட்டை வெட்டும். அகலமாகத் தட்டையாக்கினால் அடைக்காது. லூப்பில் மெல்லிய மோதிரம் போலத் தெரிந்தால் சரி. அப்புறம் கழுவல். கடைசல் வேலையைவிடக் கழுவலுக்குத்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். ஓ-ரிங்குகளில் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சிலிகான் கிரீஸ் லேசாக. பெட்ரோலிய எண்ணெய், சாதா கிரீஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அது பற்றிக்கொள்ளும்.

புது வில்லை முதலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். காற்றைத் திரும்பத் திரும்ப வெளியேற்றி, நிரப்ப விட்டு, விளிம்பு தன் இடத்தைப் பிடித்த பிறகுதான் கேஜை நம்பலாம். இரவு 70-இல் விட்டது காலையில் 71. ரைபிளில் மாட்டிச் சுட்டால் முதல் குண்டுக்கும் அடுத்ததற்கும் விநாடிக்கு 2 மீட்டருக்குள்தான் வித்தியாசம்.

இதே வழியில் பிரஷரை ஏற்றி வேகம் கூட்டலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: அந்த வேலையை நான் எடுப்பதில்லை. 2016 ஆயுத விதிகளின்படி குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, குழல் துளை 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். மேட்ச் ரைபிளுக்கு 8 ஜூல் தாராளம்.

மறுமொழி – சென்னை

அண்ணே, அருமை. நான் கிளப்பில் பயிற்சி தருகிறவன். எங்களிடம் ஒரு ரைபிள் சர்வீஸுக்குப் போய் வந்தது. போவதற்கு முன் ரெகுலேட்டர் உடம்பில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது சீறல் இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம். சுட்டால் குண்டு கண்டபடி போகிறது. திறந்து பார்த்தால் அந்த ஓட்டையை எப்பாக்ஸி வைத்து அடைத்திருக்கிறார் அந்த மெக்கானிக்! ஸ்பிரிங் இருக்கும் அறை வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கத்தான் அந்த ஓட்டையே. ஓ-ரிங் கிழிந்து கசிந்தது அங்கே வெளியே வந்துகொண்டிருந்தது. அடைத்ததும் அதே காற்று ஸ்பிரிங்குக்குத் துணையாக நின்று பிஸ்டனை மூடவிடாமல் தள்ளியிருக்கிறது. பத்து ரூபாய் ஓ-ரிங் மாற்றினால் தீர்ந்திருக்கும்.

மறுமொழி – தூத்துக்குடி

சார், எனக்கு வில்லை நன்றாகத்தான் இருந்தது, டிஸ்க் ஸ்பிரிங்குகள்தான் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் கைப்பம்பு ஆள். நம் ஊர்க் கடல்காற்று தெரியுமே. இதற்கு ஏதாவது வழி உண்டா?

மறுமொழி – பதிவிட்டவர்

தம்பி, ஒரு டம்ளர் அளவுள்ள 200 மி.லி. சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 40 லிட்டர் காற்று உள்ளே போகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதில் ஒரு கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். பெரும்பகுதி பம்பிலேயே நின்றாலும் மிச்சம் உள்ளேதான் போகும். பம்புக்கு ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் ஃபில்டர் போடுங்கள். முடிந்தால் ஸ்கூபா டைவிங் நடத்துபவர்களிடம் உலர்ந்த காற்று வாங்குங்கள். துருப்பிடித்த ஸ்பிரிங்கைத் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள், அழுத்தத்தில் விரிசல் விடும். புதிது போடும்போது பழைய அடுக்கை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தலைகீழாகப் போட்டாலும் செட் பிரஷர் மாறிவிடும்.

இன்னொன்று, எதைக் கழற்றுவதானாலும் முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, மரை கையால் சுலபமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இறுகி நின்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 மி.மீ. மூடியில் 200 பார் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சிலிண்டர் உடம்பில் மட்டும் லேத், டிரில் எதையும் வைக்க வேண்டாம். அதில் பொறித்திருக்கும் காலாவதி தேதி தாண்டியிருந்தால் புதிது வாங்கிவிடுங்கள்.