பொருள்: அப்போலிப்போபுரதம் பி – ‘பொதிப்புரதம் பி’ என்று சொல்லலாமா?

வணக்கம். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களில் இருக்கும் ஒரு புரதம்தான் அப்போலிப்போபுரதம் பி. நோயாளிகளுக்கான சிற்றேட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது பற்றி வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘அபோ’ என்ற கிரேக்க முன்னொட்டுக்கு ‘நீங்கிய’ என்று பொருள். ஆகவே ‘கொழுப்பு நீங்கிய புரதம்’ என்பதே பொருத்தம்.

ஐயா, சொற்பிறப்பு நீங்கள் சொன்னபடிதான். துகளிலிருந்து கொழுப்பைக் கழித்தால் மிஞ்சும் புரதம் என்றுதான் வேதியியலார் அப்படிப் பெயர் வைத்தார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘கொழுப்பு நீங்கிய புரதம் 118’ என்று படிப்பவருக்குக் கொழுப்பு நீக்கிய பால்தான் நினைவுக்கு வரும். ஏதோ நல்ல சங்கதி என்று மடித்து வைத்துவிடுவார். பி வகைக்கு அந்தப் பெயர் உண்மைக்கும் மாறானது. இதே குடும்பத்தின் சி, ஈ வகைகள் ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பி தாவாது. கல்லீரலில் எந்தத் துகளோடு கிளம்பியதோ, அது ரத்தத்தை விட்டு அகலும்வரை அதிலேயே கிடக்கும்.

இந்தப் பரிசோதனையின் அர்த்தமே அதில்தான் இருக்கிறது. இந்தத் துகள்களில் வி.எல்.டி.எல்., ஐ.டி.எல்., எல்.டி.எல்., லிப்போபுரதம் (ஏ) என எந்த வகையானாலும் துகளுக்கு ஒரே ஒரு பி மூலக்கூறு. ஆகவே பி-யை அளந்தால், தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கக்கூடிய துகள்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்பதோ எல்.டி.எல். துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ராலின் அளவு. மண்டியில் சரக்கை எடை போடுவது வேறு, மூட்டையை எண்ணுவது வேறு. மூட்டைகள் சிறுத்தால் எடை குறைவாகவும் எண்ணிக்கை கூடுதலாகவும் இருக்கும்.

நோயாளிகளுக்கான சிற்றேட்டில் நான் போட நினைக்கும் மாதிரி அறிக்கை இது: ட்ரைகிளிசரைடு 260, எல்.டி.எல். 98, பி 118. எல்லாமே டெசிலிட்டருக்கு மில்லிகிராம். சர்க்கரை நோய், தொப்பை, ட்ரைகிளிசரைடு மூன்றும் கூடிவரும் ஆட்களிடம் இப்படிப்பட்ட முரண் வருவதுண்டு. ‘எல்.டி.எல். நூறுக்குள்ளே இருக்கே’ என்று அவர்கள் நிம்மதியாகக் கிளம்புவார்கள். பல ஆய்வகங்களில் அந்த 98 அளந்த எண்ணே அல்ல. ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்துக் கழிக்கும் 1972-ஆம் ஆண்டு ஃப்ரீட்வால்ட் சூத்திரம் தந்தது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது. பி-யை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு நேரடியாகவே அளக்கிறார்கள். வெறும் வயிறும் வேண்டியதில்லை.

118 கூடுதலா என்றால், ஆளைப் பொறுத்தது. 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 65-க்குக் கீழ், அதிக ஆபத்துக்கு 80, நடுத்தர ஆபத்துக்கு 100. அமெரிக்கர்களின் 2018 வழிகாட்டுதல் 130-ம் அதற்கு மேலும் இருந்தால் ஆபத்தைக் கூட்டும் காரணியாக எடுத்துக்கொள்கிறது. அறிக்கையின் ஓரத்தில் அச்சாகும் ‘இயல்பு வரம்பு’ இவை எதுவுமல்ல. மாரடைப்பு வந்தவர் அந்த வரம்பைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

> ‘ஊர்திப்புரதம்’ எப்படி?

அம்மா, ஹீமோகுளோபினும் அல்புமினும்கூட ஊர்திகள்தாமே? பிறகு எதை எதிலிருந்து பிரிப்பது?

‘பொதி’ என்றால் சுமை. ‘பொதிதல்’ என்றால் உள்ளே பதிந்திருத்தல். இந்தப் புரதத்துக்கு இரண்டுமே ஒட்டுகின்றன. 4536 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த நீண்ட சங்கிலி எல்.டி.எல். துகளின் மேற்பரப்பில் பொதிந்து அதைச் சுற்றி வளைத்திருக்கிறது. துகளோ கொழுப்புப் பொதி. பொதிப்புரதம் ஏ-1, சி, ஈ என்று மற்றவையும் சிரமமில்லாமல் வரிசையில் நிற்கும். ‘பி’ என்ற எழுத்தை மட்டும் மாற்ற வேண்டாம். நோயாளி தன் அறிக்கையில் தேடிப் பிடிக்க வேண்டிய எழுத்து அது.

‘அப்போ பி’ என்றே விடலாம் என்றவருக்கு: கவுண்டரில் போய் ‘அப்போ பி எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அப்போ ஏ?’ என்று திருப்பிக் கேட்பார்கள்.

இலங்கை நண்பர்கள் ‘லிப்பிட்’ என்ற கொழுப்பை ‘இலிப்பிட்டு’ என்று எழுதிப் பழகியவர்கள். அவர்கள் காதுக்குப் ‘பொதிப்புரதம்’ இடிக்கிறதா என்று தெரிந்தால், முதல் அச்சுப்படி போவதற்குள் திருத்திவிடுவேன்.